யாரு உள்ளே?

ஜவ்வாது மலையில் நான் பார்த்த முதல் பூட்டு நிர்வாகம் ஒரு தாழ்ப்பாளும் ஒரு சிவப்பு பல்பும். காவலூர் வானாய்வகத்தில் ஒளிப்படத் தகடுகளைக் கழுவும் இருட்டறைக்கு அவ்வளவுதான் ஏற்பாடு. உள்ளே ஆள் போனால் தாழ்ப்பாள் விழும், வெளியே பல்பு எரியும். மின்சாரம் போய் பல்பு எரியாவிட்டாலும் பாதகமில்லை. கதவை இரண்டு தட்டு தட்டி "யாரு உள்ளே?" என்றால் பதில் வரும். குரலை வைத்து ஆள் தெரிந்துவிடும்; ஆள் தெரிந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் தெரிந்துவிடும். சிலர் "அஞ்சு நிமிஷம் தம்பி" என்றால் ஐந்து நிமிடம்தான். வேறு சிலர் அதையே சொன்னால், நாம் போய் டீ குடித்துவிட்டு, கடைசி பஸ் வந்து திரும்பிப் போவதையும் வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம்.

இன்றைக்கும் என் பிழைப்பு அதே கேள்விதான். தட்டுவதற்குக் கதவுதான் இல்லை. நெட்வொர்க்கில் பத்துப் பதினைந்து மெஷின்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு ஃபைலை எந்த மெஷின் பூட்டி வைத்திருக்கிறது, ஏன் விடமாட்டேன் என்கிறது, வைத்திருக்கும் மெஷின் உயிரோடுதான் இருக்கிறதா என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அன்றைக்கு இருட்டறை வாசலில் சும்மா செய்த வேலைக்கு இப்போது மணிக்கணக்கில் பில் போடுகிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. படிப்பை முடித்து ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளனாக ஒட்டிக்கொண்டு மலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தேன். வாணியம்பாடியில் ரயிலை விட்டு இறங்கி ஆலங்காயம் பஸ், அங்கிருந்து காவலூர். அப்போது அது வட ஆற்காடு மாவட்டம். பிறகு வேலூர் ஆயிற்று, 2019-இலிருந்து திருப்பத்தூர். தொலைநோக்கிகள் நின்ற இடத்தில்தான் நிற்கின்றன, மாவட்டம்தான் இடம் மாறிக்கொண்டிருந்தது. மலை என்றாலும் ஸ்வெட்டர் போடும் மலை இல்லை. வானாய்வகம் இருப்பது சுமார் 725 மீட்டர் உயரத்தில். சுற்றிலும் காடு, நடுநடுவே சாமை விளையும் சரிவுகள். வானியலாளர் வைனு பாப்பு இந்த இடத்தைப் பிடித்ததற்குக் காரணம் உயரம் இல்லை, அட்சரேகை. 12½ பாகை வடக்கு என்பதால் தென்வானத்தின் பெரும்பகுதி இங்கிருந்து எட்டும். காட்டுக்குள் ஊர் வெளிச்சத்தின் தொல்லையும் கிடையாது. 1968-இல் 38 சென்டிமீட்டர் கருவி ஒன்றோடு ஆரம்பம். 1972-இல் கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. பாப்பு கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்தபோது, அதைப் பார்க்க பாப்பு இல்லை. 1982-லேயே போய்விட்டார். தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் அவர் பெயரை வைத்தார்கள்.

அந்த மலையில் எல்லாமே ஒரு கையில்தான் இருந்தது. ஒரு தொலைநோக்கி, ஓர் இரவு, ஒரு பார்வையாளர். யாருக்கு எந்த இரவு என்று முன்கூட்டியே ஒரு தாளில் தட்டச்சாகி ஒட்டப்பட்டிருக்கும். மேகம் மூடிக்கொண்டால் அவருடைய விதி. அடுத்த ஆள் தன் தேதி வரும்வரை வானம் தெளிந்தாலும் பேசாமல் இருப்பார். இரவுப் பதிவேட்டில் தகட்டின் எண், எந்த நட்சத்திரம், ஒளி படத்தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வானத்தின் நிலை, கடைசியில் கையெழுத்து. அந்தக் கையெழுத்து இல்லாத வரி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஒரு தகடு கெட்டுப்போனால் எவர் கையில் கெட்டது என்பதை மறுநாள் காலை இட்லிக்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். இதற்கு டிபக்கிங் என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

கம்ப்யூட்டர் இல்லாமல் இல்லை. காவலூரிலேயே வாக்ஸ் 11/780 இருந்தது. அந்தக் காலத்தில் பல பல்கலைக்கழகங்களுக்கே கிடைக்காத வசதி. ஆனால் தரவு ஊருக்குப் போக வேண்டுமென்றால் காந்த நாடாச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போக வேண்டும். ஆலங்காயத்தில் பஸ் மாறும்போது சுருளைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்காமலிருப்பதுதான் தரவுப் பாதுகாப்பு. ஒரே சுருளில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதிவிட்டார்கள் என்ற புகார் வரவே முடியாது.

அந்தப் புகாருக்கான ஏற்பாடு அப்போது கலிபோர்னியாவில் நடந்துகொண்டிருந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1985 வாக்கில் நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம் என்பதை வெளியிட்டது. சுருக்கமாக என்எஃப்எஸ். வேறொரு மெஷினில் இருக்கும் டிஸ்க்கை நம்முடைய டிஸ்க் மாதிரியே காட்டும். அதன் மையமான யோசனை, டிஸ்க்கை வைத்திருக்கும் சர்வருக்கு ஞாபகமே கூடாது என்பது. யார் எந்த ஃபைலைத் திறந்தார், எதுவரை படித்தார் என்று எதையும் சர்வர் மனதில் வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு கோரிக்கையும் "இந்த ஃபைலில் இந்த இடத்திலிருந்து இத்தனை பைட் கொடு" என்று தன் முழு விவரத்தோடு வரும். நடுவில் சர்வர் செத்து எழுந்தாலும் கேட்கும் மெஷினான கிளையன்ட் அதே கோரிக்கையை மறுபடி அனுப்பும், வேலை தொடரும். அழகான யோசனை, இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் பூட்டு என்பது ஞாபகம்தானே? "இதை அவர் வைத்திருக்கிறார்" என்று யாராவது ஒருவர் நினைவில் வைத்துக்கொண்டால்தான் அது பூட்டு. ஞாபகமே கூடாது என்று கட்டிய வீட்டில் இதற்கு இடமில்லை. ஆகவே வீட்டுக்கு வெளியே இரண்டு திண்ணை கட்டினார்கள். ஒன்றில் லாக்டி, பூட்டுக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும். மற்றொன்றில் ஸ்டாட்டி, யார் யார் பூட்டு வைத்திருக்கிறார்கள் என்று பெயர்களை டிஸ்க்கில் எழுதிவைத்து, மெஷின் செத்துப் பிழைத்தால் சம்பந்தப்பட்டவர்களுக்கெல்லாம் "நான் செத்துப் பிழைத்தேன், என் பழைய கணக்கை விட்டுவிடுங்கள்" என்று சேதி சொல்லும். இந்த இரண்டும் வேறு வேறு போர்ட்களில் உட்காரும். எந்த எண் என்பதை ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் மூன்றாவது ஆளான போர்ட்மேப்பரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். என் பிழைப்பில் பாதி இந்தத் திண்ணைகளில்தான் நடந்திருக்கிறது.

இந்தப் பூட்டில் இன்னொரு விசேஷம். இது யாரையும் தடுக்காது. யூனிக்ஸ் வழக்கப்படி இது வெறும் ஆலோசனைப் பூட்டு. "பூட்டியிருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு வரும் மரியாதைக்கார புரோகிராம்தான் வாசலில் நிற்கும். கேட்காமல் ஃபைலைத் திறந்து எழுதுகிறவர் கையை எந்த லாக்டியும் பிடிக்காது. கேட்பதிலும் இரண்டு வழி உண்டு: எஃப்கன்டில், எஃப்லாக். லினக்ஸில் 2.6.12 பதிப்பு வரும்வரை, அதாவது 2005 வரை, என்எஃப்எஸ் ஃபைலில் எஃப்லாக் போட்டால் அது அந்த ஒரு மெஷினுக்குள் மட்டும் செல்லும். பக்கத்து மெஷினுக்கு அப்படியொரு பூட்டு இருப்பதே தெரியாது. இருவருக்கும் "பூட்டு கிடைத்தது" என்று பதில் வரும், இருவரும் மனநிறைவோடு எழுதுவார்கள். எஃப்கன்டிலின் வேடிக்கை வேறு. ஒரே புரோகிராம் ஒரே ஃபைலை இரண்டு தடவை திறந்து, அதில் ஒன்றை மூடினால் போதும், அந்த ஃபைலில் அது வைத்திருந்த பூட்டு முழுவதும் கழன்றுவிடும். உள்ளே எங்கோ ஒரு லைப்ரரி ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினால் நம் பூட்டும் அதோடு போச்சு. காவலூர்த் தாழ்ப்பாள் இப்படியெல்லாம் செய்ததில்லை.

இனி இப்போதைய கதை. போன வருஷம் வெயில் காலத்தில் அதே ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூருக்குச் சாமையும் தேனும் வாங்கப் போயிருந்தேன். சமவெளியில் உள்ள ஒரு நிறுவனத்திலிருந்து போன். பெயர் வேண்டாம், படங்களை மெஷின்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து அலசும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மெஷினும் தன் பங்கை முடித்ததும் ஒரு பொதுப் பட்டியல் ஃபைலைப் பூட்டி, ஒரு வரி எழுதி, பூட்டைத் திறந்துவிட வேண்டும். எழுதும் வேலை கண் இமைப்பதற்குள் முடியக்கூடியது.

"சார், மறுபடி ஸ்லோ ஆயிடுச்சு. டிஸ்க் மாத்தியும் சரியாகல" என்றார் அங்கே சிஸ்டம் பார்க்கும் இளைஞர்.

"எந்த மெஷின் வச்சிருக்குன்னு பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். சர்வர்ல லாக்டி வச்சிருக்குன்னு காட்டுது."

லாக்டிதான் வைத்திருக்கும்! சர்வரில் இயங்குதளத்தின் மையமான கெர்னல் தரும் பூட்டுப் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் பூட்டின் வகை, படிக்கவா எழுதவா, வைத்திருக்கும் புராசஸ் எண், டிஸ்க் எண், ஐநோடு எண் எல்லாம் இருக்கும். ஃபைலின் பெயர் மட்டும் இருக்காது. டிஸ்க்கில் ஃபைலின் அடையாளமான ஐநோடு எண்ணை வைத்துத் தேடிக்கொள்ள வேண்டும். அவர்களுடையது பழைய கெர்னல். வெளி மெஷின்கள் கேட்டு வாங்கும் பூட்டுகள் எல்லாவற்றையும் அது லாக்டியின் எண்ணில்தான் எழுதிவைத்திருந்தது. பதினைந்து மெஷினில் எவர் என்ற கேள்விக்கு "வாட்ச்மேன்" என்று பதில் சொல்லும் பதிவேடு.

ஜமுனாமரத்தூரில் சிக்னல் நன்றாகவே கிடைக்கிறது. டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து, போனிலிருந்து இன்டர்நெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். அந்தக் காலத்தில் வானத்தைப் பார்க்க மலையேறினோம். இப்போது மலையில் உட்கார்ந்து சமவெளியில் இருக்கும் சர்வரைப் பார்க்கிறேன். நான் மட்டும் இல்லை. காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கே லடாக்கின் ஹான்லேயில், 4500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதை பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில் உட்கார்ந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறார்கள். குளிரில் நடுங்காமல் கிடைக்கும் நட்சத்திரத்துக்கு ருசி குறைவு என்று சொல்லும் பழைய ஆட்கள் உண்டு. நடுங்கிய ஆட்கள் அப்படிச் சொல்வதில்லை.

முதலில் ஸ்ட்ரேஸ். ஒரு புரோகிராம் கெர்னலிடம் கேட்கும் ஒவ்வொரு கோரிக்கையையும், அதற்கு ஆன நேரத்தையும் வரிவரியாகக் காட்டும் கருவி. பூட்டுக்காகக் காத்திருக்கும் எஃப்கன்டில் வரிகளை மட்டும் பிரித்துப் பார்த்தேன். முதல் காத்திருப்பு 30 நொடியும் கொசுறும். அடுத்தது 60-ம் கொசுறும். இன்னொன்று மறுபடி 30. இடையிடையே போட்டியில்லாமல் கிடைத்த பூட்டுகள் மில்லி நொடிகளில் வந்திருந்தன.

டிஸ்க் மெதுவாக இருந்தால் 7 நொடி வரும், 19 வரும், 41 வரும். வேலைப்பளுவுக்கு வாய்ப்பாடு தெரியாது. ஆள் வைத்தாற்போல 30-இன் மடங்குகளாகவே வந்தால், எங்கோ ஒரு கடிகாரம் அடிக்கிறது என்று அர்த்தம். லினக்ஸ் கிளையன்டின் லாக்டியில் அப்படி ஒரு கடிகாரம் உண்டு. பூட்டு உடனே கிடைக்காவிட்டால் சர்வர் "காத்திரு, காலியானதும் நானே கூப்பிட்டுச் சொல்கிறேன்" என்று பதில் அனுப்பும். கிளையன்ட் காத்திருக்கும். ஆனால் கூப்பிடுவார் என்று முழுசாக நம்பாமல், 30 நொடிக்கு ஒருமுறை தானே எட்டிப் பார்க்கும். ஆக, சர்வர் கூப்பிடவில்லை, அல்லது கூப்பிட்டது காதில் விழவில்லை. இரண்டில் எது?

இந்த இடத்தில் எனக்குக் காவலூரின் யுரேனஸ் கதை ஞாபகம் வரும். நான் அங்கே போவதற்குப் பத்தாண்டு முன்னால் நடந்தது. ஆனால் அங்கே கால்வைத்த எவருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லப்பட்டுவிடும். 1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு மங்கலான நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போகும் இரவு. ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் நட்சத்திரத்தின் ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். எதிர்பார்க்காத நேரத்தில் பதிவில் ஒரு பள்ளம் விழுந்தது. சில நொடிகள் ஒளி குறைந்து மீண்டது. யுரேனஸுக்கு ஒரு புதிய துணைக்கோள் குறுக்கே போயிருக்கிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே கைப்பர் பறக்கும் வானாய்வகத்தில் இருந்த ஜேம்ஸ் எலியட் குழுவின் பதிவில் கோளுக்கு முன்னால் ஐந்து பள்ளம், பின்னால் ஐந்து பள்ளம். இரண்டு பக்கமும் ஒத்துப்போயின. அப்படியானால் அது துணைக்கோள் இல்லை, வளையங்கள். அதே ஆண்டு பட்டாச்சார்யாவும் பாப்புவும் காவலூர்ப் பதிவை மறுபடி அலசி, சனிக்கு இருப்பது போன்ற வளைய அமைப்பு என்று அதே இதழில் எழுதினார்கள். பதிவில் ஒரு கோடுகூட மாறவில்லை. பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு பக்கத்துப் பதிவு கிடைத்தது, அவ்வளவுதான். வாயேஜர் 2 போய் அந்த வளையங்களைக் கிட்டத்திலிருந்து படமெடுத்தது 1986 ஜனவரி 24. பெரிய தொலைநோக்கி திறந்த அதே மாதம்.

பூட்டுக்கும் அதே நியாயம்தான். சர்வர் பக்கம் மட்டும் பார்த்தால் ஒரு கதை. கிளையன்ட் பக்கம் மட்டும் பார்த்தால் வேறு கதை. எனவே இரண்டு பக்கமும் டிசிபிடம்ப் ஓடவிட்டு, நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்களை ஒரே நேரத்தில் பதிவு செய்யச் சொன்னேன். அதற்கு முன் இரண்டு மெஷின்களின் கடிகாரமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தாக வேண்டும். அந்தக் காலத்தில் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சிற்றலை நேரச் சைகையை ரேடியோவில் பிடித்து, கரகரப்புக்கு நடுவே டிக் டிக் என்று கேட்டுக் கடிகாரத்தைத் திருத்துவதைப் பார்த்திருக்கிறேன். இப்போது கடிகாரங்களை ஒத்துவைக்கும் என்டிபி தானே பார்த்துக்கொள்ளும். தானே பார்த்துக்கொள்ளும் என்பதால் அது நின்றுபோனாலும் யாரும் பார்ப்பதில்லை. இங்கே சர்வர் சரி, கிளையன்ட் நான்கு நொடி பின்தங்கியிருந்தது. முதலில் அதைத் திருத்தினோம்.

பிறகு வயர்ஷார்க்கில் இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சர்வர் பக்கம்: இரண்டாம் மெஷின் பூட்டுக் கேட்கிறது. "காத்திரு" என்று பதில். முதல் மெஷின் பூட்டைத் திறக்கிறது. திறந்த மறுகணமே சர்வர் இரண்டாம் மெஷினைக் கூப்பிடுகிறது: உனக்குப் பூட்டு கொடுத்தாயிற்று. பதில் இல்லை. மறுபடி கூப்பிடுகிறது. பதில் இல்லை. கிளையன்ட் பக்கம்: பூட்டுக் கேட்டது இருக்கிறது, "காத்திரு" வந்தது இருக்கிறது. அதன்பின் 30 நொடிக்கு மௌனம். கூப்பிட்ட பாக்கெட் ஒன்றுகூட வந்து சேரவில்லை. 30-ஆவது நொடியில் கிளையன்ட் தானே எழுந்து மறுபடி கேட்கிறது, உடனே கிடைக்கிறது. நடுவில் வேறொரு மெஷின் முந்திக்கொண்டால் 60.

நடுவே இருப்பது ஒரு ஃபயர்வால். சில மாதங்களுக்கு முன் மெஷின்களை வேறு பிரிவுக்கு மாற்றியபோது வைத்தது. அதைப் பார்ப்பவரிடம் கேட்டால், "எல்லா போர்ட்டும் திறந்துதான் இருக்கு சார்" என்றார். பொய் சொல்லவில்லை. என்எஃப்எஸ்ஸின் 2049 திறந்திருந்தது, போர்ட்மேப்பரின் 111 திறந்திருந்தது, சர்வரின் லாக்டிக்கு நிலையான எண் ஒன்று கொடுத்து அதையும் திறந்திருந்தார்கள். எல்லாம் கிளையன்டிலிருந்து சர்வருக்குப் போகும் திசையில். சர்வர் திரும்பிக் கிளையன்டைக் கூப்பிடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாதது தப்பும் இல்லை. நாற்பது வருஷத்துக்கு முந்தைய மரியாதை அது. "காலியானதும் சொல்லி அனுப்புகிறேன்" என்று சொன்ன ஆள் நிஜமாகவே சொல்லி அனுப்புவார் என்பதை எந்த ஃபயர்வால் எதிர்பார்க்கிறது?

கிளையன்ட்களின் லாக்டிக்கும் நிலையான போர்ட் கொடுத்து, எதிர்த் திசையையும் திறந்ததும் காத்திருப்பு மில்லி நொடிகளுக்கு இறங்கியது. புதிதாக வாங்கிய டிஸ்க்குகள் என்னவாயின என்று நான் கேட்கவில்லை. கேட்பது தொழிலுக்கு ஆகாது.

அங்கேயே இன்னொரு பூட்டு, இதைவிடப் பழசு, யாரும் கண்டுகொள்ளாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு மெஷின் எப்போதோ பவர் போய் விழுந்து எழுந்திருக்கிறது. எழுந்ததும் அதன் ஸ்டாட்டி வழக்கப்படி சர்வருக்குச் "செத்துப் பிழைத்தேன்" என்று சேதி அனுப்பியிருக்கிறது. தன் பெயராக டொமைனோடு சேர்த்த முழுநீளப் பெயரைச் சொல்லியிருக்கிறது. சர்வரின் ஏட்டில் இருந்ததோ சுருக்கப் பெயர். "அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே" என்று சர்வர் சேதியைக் கீழே போட்டுவிட்டது. ஆகவே செத்துப்போன ஒரு புராசஸின் பூட்டு செல்லுபடியாகிக்கொண்டே இருந்தது. இனிஷியல் ஒத்துப்போகாததால் ரேஷன் கார்டில் பெயர் நீக்க முடியாமல் அலைந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தொல்லைகளையெல்லாம் பார்த்துச் சலித்துத்தான் என்எஃப்எஸ்ஸின் நான்காம் பதிப்பை எழுதினார்கள். விதி ஆவணம் 2000 டிசம்பரில் ஆர்எஃப்சி 3010 என்று வந்தது, 2003-இல் திருத்தப்பட்டது. திண்ணைகளை இடித்துவிட்டார்கள். லாக்டி இல்லை, ஸ்டாட்டி இல்லை. பூட்டும் 2049 வழியாகவே. ஞாபகமே கூடாது என்ற கொள்கையும் போயிற்று. இப்போது பூட்டு ஒரு குத்தகை. லினக்ஸ் சர்வரில் வழக்கமாக 90 நொடி. அதற்குள் கிளையன்ட் "இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் பூட்டு போயிற்று. சர்வரே செத்து எழுந்தால் 90 நொடி சலுகைக் காலம். அந்த நேரத்தில் புதுப் பூட்டு யாருக்கும் கிடையாது. ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் மட்டும் வந்து "இது என்னுடையது" என்று சொல்லலாம். அந்த நேரத்தில் மாட்டிக்கொண்ட புரோகிராம் ஒன்றரை நிமிடம் அசையாமல் நிற்கும். தெரியாதவர்கள் பதறிப்போய் சர்வரை மறுபடி ரீஸ்டார்ட் செய்வார்கள். 90 நொடி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஓர் இடத்தில் இதை ஒரு மதியம் முழுக்கச் செய்துகொண்டிருந்தார்கள். நான் போய்ச் செய்ததெல்லாம் கைகளைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னதுதான். அதற்கும் பில் உண்டு.

முன்னேற்றம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருட்டறையில் ஒருவர் மயங்கி விழுந்திருந்தால், உள்தாழ்ப்பாளுக்கு 90 நொடிக் குத்தகை எல்லாம் கிடையாது. கதவைத்தான் உடைத்திருக்க வேண்டும். ஒரே இரவில் ஒரு தகடு எடுத்துவந்த காலத்தில் முடியாத ஆராய்ச்சிகள் இப்போது நடக்கின்றன. காவலூரிலும் 2014-இல் 1.3 மீட்டர் தொலைநோக்கி வந்தது. தகடு கழுவும் டி-19 கரைசலின் வாசனை தெரியாத ஒரு தலைமுறை அங்கே வேலை பார்க்கிறது, நன்றாகவே பார்க்கிறது. கைமாறியதில் காணாமல்போனது ஒன்றுதான்: யார் கையில் இருக்கிறது என்ற பதில். பதிவேட்டில் ஒரு கையெழுத்தாக இருந்ததை எடுத்துவிட்டோம். எடுத்துவிட்டு, அதே பதிலைத் தெரிந்துகொள்ள கெர்னலில் டிபக் கொடி ஏற்றி, இரண்டு முனையிலும் பாக்கெட் பிடித்து, கடிகாரம் ஒப்பிட்டு, ஐநோடு எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இதையெல்லாம் எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. சர்வரின் டிஸ்க்கை மவுண்ட் செய்யும்போது, அதாவது நம் மெஷினோடு இணைக்கும்போது, நோலாக் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. அதைப் போட்டால் மேலே சொன்ன தொங்கல் ஒன்றும் வராது, ஏனென்றால் பூட்டுக் கோரிக்கை சர்வருக்கே போகாது. ஒவ்வொரு மெஷினும் தனக்குத்தானே பூட்டு கொடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும். மூன்றாம் பதிப்பில் பூட்டுப் பிரச்சினை வந்த இடங்களில் பாதிக்கு மேல் இதைத்தான் மருந்தாகப் போட்டு வைத்திருப்பதைப் பார்க்கிறேன். உங்கள் அலுவலகத்தில், கல்லூரியில், ஆய்வகத்தில் இப்படி ஒரு பொது டிஸ்க் இருந்தால், பொறுப்பில் இருப்பவரிடம் மவுண்ட் வரியை ஒருதடவை காட்டச் சொல்லுங்கள். நோலாக் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த மறுநாள் ஏதாவது தொங்கினால் பயப்படாதீர்கள். அதற்கு முந்தைய நாள்வரை எழுதிய ஃபைல்களை மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.